தப்பியதா தாங்கியதா

"ஏழு" என்றாள் தையல்நாயகி. பின்னால் நோட்டோடு வந்த உதவியாளர் ரோஸ்லின் "ஏழு" என்று திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். அடுத்த செடி. குருத்தை இரண்டு விரலால் விலக்கினாள். ஈர மரத்தூளை அடைத்து வைத்தது போல் புழுவின் எச்சம், அதற்கு அடியில் ஏதோ நெளிந்தது. "எட்டு." "எட்டு." வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனாலும் மக்காச்சோளத்துக்குள் காற்று நுழையாது, கழுத்தில் இறங்கிய வேர்வை, இலை ஓரம் கீறிய இடத்திலெல்லாம் போய் எரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வரிசைகளில் இதே இரண்டு பேரும் குனிந்து நடந்தார்கள். அப்போதுதான் பொரித்த புழுக்களைச் சின்னப் பிரஷ் நுனியில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு செடியின் குருத்துக்குள்ளும் விட்டார்கள், குழந்தைக்கு மை வைக்கிற பக்குவத்தில். எந்தச் செடி எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று எண் போடும் நாள் இன்றைக்கு. ஒன்று என்றால் புழு வந்துபோன தடமே இல்லை. ஒன்பது என்றால் குருத்தே இல்லை, தண்டு மட்டும் நிற்கிறது. படைப்புழு கடல் தாண்டி இந்த நாட்டுக்குள் வந்த வருஷத்திலிருந்து அவளுக்கு இதுதான் வேலை: பயிரைப் புழுவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, தின்னக் கொடுக்காமல் நிற்கும் ஒன்றைத் தேடுவது, கிடைத்தால் அதன் மகரந்தத்தை அதற்கே தூவிப் பை கட்டி, விதையாக்கி, அந்த விதையை மறுபடியும் புழுவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது. மருந்தே வேண்டாத, தன் இலையைக் கொண்டே தன்னைக் காத்துக்கொள்கிற ஒரு மக்காச்சோளம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் மலரும். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. "எட்டு" என்றாள். குனிந்திருந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால், பூக்காத பயிரின் தலைக்கு மேலாக மோட்டார் ரூமும் வேப்பமரமும் தெரியும், வேப்பமரத்தடியில் அண்ணி உட்கார்ந்திருப்பது தெரியும்.

அஞ்சலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஆராய்ச்சிப் பண்ணையின் கேட்டில் இருந்த வாட்ச்மேன் போன் பண்ணி, "மேடம், உங்க அண்ணின்னு ஒருத்தங்க வந்திருக்காங்க, உள்ள விடட்டுமா?" என்றபோது தையல்நாயகி வரிசையில் இறங்கியிருக்கக்கூட இல்லை. போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்திருக்கலாம். மரத்தடியில உக்காரச் சொல்லுங்க, வேலையை முடிச்சுட்டு வரேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். வேலை பெரிதுதான், இடையில் விட்டுப் போனால் கண்ணின் அளவு மாறிவிடும், காலையில் ஆறு போட்ட கண் மதியத்தில் அதே செடிக்கு ஏழு போடும், இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக இல்லை. வரிசைகள் வேப்பமரத்தைப் பார்த்துத்தான் போகின்றன. ஒவ்வொரு செடிக்கும் அவள் ஓர் அடி அண்ணியை நெருங்கிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு எண்ணும் அண்ணிக்குச் சொல்ல வேண்டிய பதிலாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. போன வாரம் அண்ணி போனில் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "வெத வேணும் தையலு. கடை வெத இல்ல, உன் வெத. நீ பண்ணிக்கிட்டிருக்கியே, மருந்தே வேணாம்னு, அது." இன்னும் பரிசோதனை முடியவில்லை என்றாள் இவள். "எப்ப முடியும்?" அடுத்த வாரம் பார்த்தால் தெரியும். "அப்ப அடுத்த வாரம் நான் வரேன்." வேண்டாம் அண்ணி, நானே போன் பண்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும். போனுக்கு அந்தப் பக்கம் ஆடு கத்தியது. அதற்குப் பிறகு போன் வைத்த சத்தம். "ஆறு." "ஆறா மேடம்?" "ஆறுதான். ஓட்டை மட்டும்தான், குருத்து இருக்கு பாரு."

அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போச்சு தையலு. அண்ணன் கலியமூர்த்தி அவளிடம் கடைசியாகச் சொன்ன வாக்கியம் அது. ஞாயிற்றுக்கிழமை பேச்சு, எப்போதும் போல. மழை, மாடு, மழை. நடுவில் இது. கை ஓஞ்சு போச்சு. ஸ்ப்ரேயரின் கைப்பிடியை நாள் முழுக்க மேலும் கீழும் அடிக்கிறவனுக்குக் கை ஓயத்தான் செய்யும். அந்தக் கைதானா? அல்லது வேறு எதையாவது சொல்ல வந்து அந்தச் சொல்லில் போய் நின்றானா? அவள் என்ன பதில் சொன்னாள் என்பதே இப்போது நினைவில் இல்லை. பேட்டரி ஸ்ப்ரேயர் வாங்குண்ணே என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாள், நிச்சயமாக அப்படித்தான் ஏதாவது. அந்த வாரமே கார்த்திகை மழை விட்ட ஒரு நாளில் அவன் ஆளுயரப் பயிருக்குள் டேங்க்கை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். இடுப்பளவுப் பயிருக்கு மருந்தடித்தால் மருந்து பயிர்மேல் விழும். தலைக்கு மேல் வளர்ந்த பயிருக்குக் கையைத் தூக்கி மேலே பார்த்து அடிக்க வேண்டும், அடிக்கிற மருந்து இலையில் பட்டு அடிக்கிறவன் முகத்தில்தான் இறங்கும். காற்றும் இல்லாத சோளக்காடு. வரப்போரம் விழுந்து கிடந்தவனை ஊர்க்காரர்கள் ஒரு லோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் கிடந்தான். கண்மணிகள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, வாயோரம் நுரையாக வழிந்துகொண்டே இருக்க, அவளை அடையாளம் தெரிந்ததா தெரியவில்லையா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. பணியில் இருந்த சின்ன வயது டாக்டர் நிமிராமலே கேட்டார்: "குடிச்சாரா, அடிச்சாரா?"

குடிச்சாரா அடிச்சாரா. இரண்டுக்கும் ஒரே வைத்தியம், ஒரே ஊசி, அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. அண்ணி "அடிச்சாரு" என்றாள். உடனே சொன்னாளா, ஒரு நொடி கழித்துச் சொன்னாளா? தையல்நாயகி அந்த நொடியைப் பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டாள். குளிக்கும்போது, பஸ்ஸில், செடிகளுக்குப் பை கட்டும்போது. ஒரு தடவை அந்த நொடி இருக்கிறது, ஒரு தடவை இல்லை. ஊரில் முதல் நாளே பேச்சு மாறிவிட்டது. கலியமூர்த்தி மருந்து குடிச்சிட்டானாம். பயிர் பூராவும் புழு, பாவம், என்ன பண்ணுவான். இந்த மொழியில் அடிப்பதற்கும் குடிப்பதற்கும் மருந்து என்று ஒரே சொல்தான், காய்ச்சலுக்குக் கொடுப்பதற்கும் அதே சொல். பிரேதப் பரிசோதனையில் உடம்பில் மருந்து இருந்தது என்று வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, அல்லது வந்ததை யாரும் அவளிடம் சொல்லவில்லை, அல்லது அவள் கேட்கவில்லை. கேட்கவில்லை, அதுதான். அடித்ததால் செத்தான் என்றால், அவன் வயலில் மட்டும் புழு தொடாத செடி நின்றிருந்தால் அவன் இருந்திருப்பான். அவள் வேலை சீக்கிரம் முடிந்திருந்தால் இருந்திருப்பான். குடித்ததால் என்றால், அவள் வேலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லாமல் போகலாம், ஆனால் ஞாயிறு தவறாமல் பேசின தங்கச்சிக்கு அவன் மனசில் என்ன கிடந்தது என்று தெரியாமல் போய்விட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் எதை எடுப்பாள்? "மேடம்" என்றாள் ரோஸ்லின். "சொல்லவே இல்லையே." தையல்நாயகியின் விரல் ஒரு குருத்துக்குள் நுழைந்தபடி நின்றிருந்தது. "ஏழு" என்றாள். பார்க்காமலே சொல்லிவிட்டோமோ என்று மறுபடி குனிந்து பார்த்தாள். ஏழுதான்.

இன்னும் நாலு வரிசை தாண்டினால் மலைக்காரி. பேர் வைத்தது ரோஸ்லின்தான், தாய்ச்செடி மலையிலிருந்து வந்ததால். மலையில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் கொல்லைப்புறத்தில் போடுகிற ஒரு பழைய மக்காச்சோளம். விரல் நீளக் கதிர், கருஞ்சிவப்பு மணி, இலை மட்டும் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். படைப்புழு வந்த முதல் வருஷம் சமவெளியில் காடு காடாக மொட்டையாகிக் கிடந்தபோது, மலையில் அது மட்டும் ஊசித் துளைகளோடு நின்றது. குட்டிப் புழு அந்த இலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பட்டினியில் சாகிறது, பிழைத்ததும் வளராமல் சூம்பிப்போகிறது. அதைக் கீழ்நாட்டுப் பெரிய கதிர் ரகத்தோடு சேர்த்தாள். கதிர் பெருத்தால் இலை மிருதுவாகிவிடும். இலை தடித்தால் கதிர் சிறுத்துவிடும். இரண்டையும் ஒரே உடம்பில் உட்காரவைக்கப் பருவத்துக்குப் பருவம் பொறுக்கி, பை கட்டி, பொறுக்கி, மகரந்தத் தூளில் கழுத்தெல்லாம் தடித்துத் தடித்து, போன பருவத்தில் ஒரு வழியாக ஒரு வரிசை முழுக்க இரண்டும் மூன்றுமாக வந்தது. கதிரும் சொல்லிக்கொள்கிற கதிர். மேலதிகாரி தோட்டத்துக்கே வந்து பார்த்து, "இதை வெளியிடுற வேலையை ஆரம்பிச்சிடலாம்மா" என்றார். அவள்தான் இன்னொரு பருவம் என்றாள். ரோஸ்லினுக்குக் கோபமே வந்துவிட்டது, "எதுக்கு மேடம், நல்லா வந்ததைப் போய்" என்றாள். எதற்கென்று தையல்நாயகிக்குத் தெரியும். போன பருவத்தில் விட்ட புழுக்கள் புழு அறையில் பிறந்து வளர்ந்தவை. கொண்டைக்கடலை மாவும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சின களியைத் தின்று, வெயில் தெரியாமல், குளவி தெரியாமல், தலைமுறை தலைமுறையாக வந்தவை. அவற்றின் வாய்க்குச் சொரசொரப்பான இலை என்பதே புதிது. அந்தப் புழுவிடம் ஜெயித்துவிட்டு ஊர்க் காட்டுக்குள் போனால் என்ன ஆகும்? வெளியே திரிகிற புழு வேண்டும். எதை அடித்தும் சாகாத புழு வேண்டும். அந்தப் புழு எங்கே இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கருமாதி அன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவள் அண்ணன் வயலுக்குப் போனாள். சும்மா பார்க்கத்தான் போனாள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். பாதிவரை மருந்தடித்த பயிர், மீதிப்பாதி அடிக்காத பயிர், நடுவில் அவன் நிறுத்தின இடம் இன்னதென்று தெரியவில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி புழு. கதிரின் பட்டு நூல்களை விலக்கினால் உள்ளே, மணிகளுக்கு நடுவே, தலையில் கவிழ்த்துப் போட்ட கவட்டை மாதிரி வெள்ளைக்கோட்டோடு கொழுகொழுவென்று. அண்ணனைக் கொன்ற மருந்து இதைக் கொல்லவில்லை. அவள் திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தாள். பந்திக்குக் காபி ஊற்ற வாங்கி வைத்திருந்த பேப்பர் டம்ளர்க் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். ஒரு டம்ளருக்கு ஒரு புழு, ஒரு துண்டு இலை, மேலே இன்னொரு டம்ளரை அழுத்தி மூடி. சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செத்தவனின் பயிருக்குள் குனிந்து குனிந்து, எவ்வளவு நேரமோ. நிமிர்ந்தபோது வரப்பில் அண்ணி நின்றிருந்தாள். தாலி எடுத்த கழுத்து. தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். "என்னா தையலு பண்ற?" என்றாள். பரிசோதனைக்கு அண்ணி என்றாள் இவள். அண்ணி டம்ளர்களைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "சாப்புட வா, இலை போட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அந்த டம்ளர்கள் மடியில் ஒரு பூந்தித் தட்டில் அடுக்கியிருந்தன, பக்கத்து சீட்டுக் குழந்தை பண்டம் என்று நினைத்துக் கையை நீட்டியது. அதன் பிறகு புழு அறையில் பழைய கூட்டத்தை அழித்துவிட்டாள். இந்தப் பருவம் செடிகளில் விட்டது முழுக்க அண்ணன் வயல் புழுவின் வாரிசுகள். அவளே தன் கையால் வளர்த்தது. களி காய்ச்சும்போது, கட்டி தட்டாமல் கிண்டும்போது, சில நாள் கை தானாக நின்றுவிடும்.

"மலைக்காரி வந்துட்டா மேடம்" என்றாள் ரோஸ்லின், குரலைத் தாழ்த்தி. இந்த வரிசையைத் தையல்நாயகி மூன்று வாரமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னாலேயே பார்த்தால் மனசு ஓர் எண்ணைப் போட்டுவிடும், பிறகு கண் அந்த எண்ணைத்தான் தேடும். இப்போதும் முதல் செடிக்கு எதிரே நின்றுகொண்டு அதன் காலடி மண்ணைத்தான் பார்த்தாள். மண்ணில் மரத்தூளாக எச்சம் உதிர்ந்து கிடந்தது. அது போதும். ஆனாலும் முறை இருக்கிறது. குருத்தை விலக்கினாள். இலை உப்புத்தாள் மாதிரியே விரலில் உரசியது, அந்தச் சொரசொரப்பு மாறவில்லை, அதோடு சேர்த்தே தின்னப்பட்டிருந்தது. "ஏழு." ரோஸ்லின் திருப்பிச் சொல்லவில்லை. "எழுதும்மா." "ஏழு." அடுத்தது எட்டு. அடுத்தது எட்டு. அடுத்ததில் குருத்தே இல்லை. அவள் அந்தத் தண்டைக் கீறிப் பிளந்தாள், தேவையில்லாத வேலை. உள்ளே புழு சாவகாசமாக இருந்தது, வெளிச்சம் பட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்துக்கொண்டது. நசுக்கத் தோன்றவில்லை. இது என்ன தப்பு செய்தது, பசி. முதலில் வந்தது ஒரு விதமான அமைதி. நல்லவேளை, போன பருவமே வெளியிட்டிருந்தால் எத்தனை காட்டில் போய் இப்படி நின்றிருக்கும். அமைதிக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. இத்தனை வருஷம். கழுத்துத் தடிப்பு, கோடையில் கட்டின பைகள், பிறக்காமல் போன பிள்ளைக்காக டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன மாதத்தில்கூட வந்து தூவின மகரந்தம். "ஒன்பது" என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது.

வரிசை முடிய நாலைந்து செடி இருக்கையில் அவள் கை ஒரு குருத்தில் நின்றது. விலக்கினாள், மறுபடி விலக்கினாள். ஊசித் துளைகள், ஒரு வரிசையாக, குத்தின மாதிரி. அவ்வளவுதான். குருத்து முழுசாக, பச்சையாக, தண்ணீர் தேங்கி நின்றது. எச்சம் இல்லை. புழு இல்லை. "ரெண்டு" என்றாள். ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். "மேடம்!" என்றாள், பிரஷ் நுனியில் புழு வைத்த நாளிலிருந்து அவள் குரலில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. "ஒண்ணு இருக்கு மேடம்!" இருக்கிறது. தையல்நாயகி அதைச் சுற்றி வந்தாள். தப்பியதா, தாங்கியதா? அதுதான் கேள்வி. அன்றைக்குப் பிரஷ் சரியாகப் படாமல் புழு கீழே விழுந்திருக்கலாம். எறும்பு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். காற்று, ஒரு சிலந்தி, குருத்தில் நின்ற தண்ணீரில் முழுகிச் செத்திருக்கலாம். அப்படியானால் இது அதிர்ஷ்டம், அதிர்ஷ்டத்தை விதையில் ஏற்ற முடியாது. அல்லது இந்த ஒன்றுதான் உண்மையிலேயே அண்ணன் வயல் புழுவை இலையில் உட்கார விட்டுப் பட்டினி போட்டுக் கொன்றிருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. நிற்பதைப் பார்த்து ஏன் நிற்கிறது என்று சொல்ல முடியாது, விழுந்ததைப் பார்த்து ஏன் விழுந்தது என்று சொல்ல முடியாத மாதிரியே. இதன் பிள்ளைகளைப் போட்டு, அவற்றுக்குப் புழு விட்டு, அதன் பிள்ளைகளைப் போட்டு. மறுபடி முதலிலிருந்து. "சிவப்பு ரிப்பன் கட்டு" என்றாள். ரோஸ்லின் கட்டினாள், இறுக்காமல், தண்டு பருக்க இடம் விட்டு. மீதிச் செடிகள் எட்டு, ஏழு, எட்டு. வரப்பில் ஏறினால் வேப்பமரம்.

அஞ்சலை எழுந்து நின்றிருந்தாள், எப்போது எழுந்தாளோ. கையில் ஒரு மஞ்சள் பை. "வாங்க அண்ணி, ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டேன்" என்றாள் தையல்நாயகி. "ஒன் வேலைய நீ பாக்க வேணாமா" என்றாள் அஞ்சலை. ஆள் மெலிந்திருந்தாள், வெயிலில் நிறம் இன்னும் இறங்கியிருந்தது, காட்டு வேலை மொத்தமும் இப்போது ஒற்றைக் கையில். பையிலிருந்து வேர்க்கடலை உருண்டை எடுத்து ரோஸ்லினுக்கும் சேர்த்துக் கொடுத்தாள். ரோஸ்லின் வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, மோட்டார் ரூம் பக்கம் நகர்ந்துவிட்டாள். "என்னா ஆச்சு தையலு?" தையல்நாயகி வாயால் சொல்லாமல் அண்ணியை வரிசைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அது கோழைத்தனம் என்று நடக்கும்போதே தெரிந்தது. காட்டுக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அஞ்சலை ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், ஒன்றின் குருத்தை அவளாகவே விலக்கினாள். "பூரா போயிடுச்சே" என்றாள். ரிப்பன் கட்டின செடிக்கு முன்னால் நின்றாள். "இது நல்லாத்தானே நிக்குது. இதையே குடேன்." "ஒரு செடி அண்ணி. ஒரு கதிர்தான் வரும். இது உண்மையாவே புழுவ தாங்குதா, இல்ல புழு படாம தப்பிச்சிடுச்சான்னு இன்னும் தெரியாது. இன்னும் நாலு வருஷமாவது ஆகும்." "நாலு வருஷமா" என்றாள் அஞ்சலை. சண்டைக்குச் சொல்லவில்லை. தூரத்து ஊர் ஒன்றின் பேரைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்குக் கருமாதி அன்னைக்கு டம்ளர்ல பொறுக்கிட்டு வந்தியே. அந்தப் புழுவா இது?" "அதோட பிள்ளைங்க." அஞ்சலை பிளந்து கிடந்த தண்டைக் குனிந்து பார்த்தாள். புழு இன்னும் அங்கேயே இருந்தது. "நல்லாத்தான் வளத்திருக்க" என்றாள்.

மரத்தடிக்குத் திரும்பி உட்கார்ந்தார்கள். வேறு ஏதாவது போடலாமே அண்ணி என்று தையல்நாயகி ஆரம்பித்தாள். அது முடிவதற்குள் அஞ்சலை தலையை ஆட்டினாள். "கடலை போட்டா பன்னி. கம்பு போட்டா மயிலு. சுத்திலும் மக்காச்சோளம், நடுவுல நான் எதப் போட்டு யார் காப்பாத்துறது? மாட்டுக்குத் தட்டை வேணும்ல." வேப்பெண்ணெய், குருத்தில் மண், விளக்குப்பொறி என்று இவள் வாயில் வரிசையாக வந்தவற்றுக்கும் அதே தலையாட்டல்தான். "எல்லாம் அவரும் செஞ்சாருல்ல. நீ சொல்லிச் சொல்லித்தான செஞ்சாரு." அஞ்சலை தரையில் கிடந்த வேப்பங்கொட்டையை விரலால் தள்ளிக்கொண்டே, "ஊரே கேட்டுச்சு" என்றாள். "போலீஸ்காரரு கேட்டாரு, எங்க அம்மாவே கேட்டுச்சு. நீ மட்டும் ஒரு தடவகூட கேக்கல. கேக்காதவங்கதான் அப்படியே நெனச்சுக்கிட்டிருப்பாங்க." "அவரு குடிக்கல தையலு. மதியம் வூட்டுக்கு வந்தாரு. சோறு வேணாம், மோர் குடுன்னாரு. சட்ட, முதுகு எல்லாம் மருந்துல நனஞ்சு கெடந்துச்சு. கழட்டுங்க, அலசிப்போடுறேன்னேன். இன்னும் ரெண்டு டேங்க் இருக்கு, மறுபடி இதத்தான போட்டுக்கிட்டுப் போவணும்னு அப்படியே உக்காந்திருந்தாரு. மோர குடிச்சாரு. போனாரு." வேப்பங்கொட்டை உருண்டு போய்விட்டது. "அவ்வளவுதான். சட்டையக் கழட்டியிருந்தா இருந்திருப்பாரோ என்னமோ."

ஆக, அடித்ததுதான். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது ஒரு இடத்தில் உட்கார்ந்தது, உட்கார்ந்ததும் ஓர் ஆறுதல் பரவியது. அண்ணன் நம்மை விட்டுப் போக நினைக்கவில்லை, இன்னும் இரண்டு டேங்க் அடிக்க நினைத்தான், அவ்வளவே நினைத்தான். அந்த ஆறுதல் ஒரு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை. கை ஓஞ்சு போச்சு என்றால் கைதான். அப்படியானால் புழு தொடாத ஒரு செடிதான் அவனுக்குத் தேவைப்பட்டது, அதைத்தான் தங்கை பண்ணிக்கொண்டிருந்தாள், அது இன்றைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை. அவள் அண்ணியின் கையைப் பிடித்தாள். சொரசொரப்பான கை. அஞ்சலை பிடிக்க விட்டாள், திருப்பிப் பிடிக்கவில்லை. "நான் அதுக்காகச் சொல்லல. நீ அழாத. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். "கடை வெதையவே வாங்கிப் போடுறேன். புழு வரும், அடிச்சுத்தான் ஆவணும். ஆளு ஒருத்தனும் வர மாட்டேங்கறான், நம்ம காடுன்னாலே பயப்படுறானுங்க. நான்தான் அடிக்கணும். கடைக்காரன் குடுத்ததத்தான் அவரு அடிச்சாரு. நீ படிச்சவ, நீ சொல்லு. எத அடிக்கட்டும்?"

தையல்நாயகி தோட்டத்தைப் பார்த்தாள். ரிப்பன் இங்கிருந்து தெரியவில்லை. சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அண்ணி நேரே கடைக்குப் போவாள், கடைக்காரன் எதையாவது எடுத்துக் கொடுப்பான். உண்டு, இருப்பதில் மனுஷ உடம்புக்குக் கொஞ்சம் குறைவாகக் கெடுதல் செய்வது ஒன்று உண்டு, அவளுக்குத் தெரியும், மருந்தே வேண்டாம் என்று பேசுகிறவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. "முட்டியளவு இருக்கும்போதே, புழு குட்டியா இருக்கறப்பவே அடிச்சிடுங்க அண்ணி" என்றாள். "மார்புக்கு மேல போயிடுச்சுன்னா உள்ள இறங்காதீங்க, போனா போவுது, தட்டைக்கு ஆவட்டும்." "ம்." "காலையில, வெயிலுக்கு முன்னாடி. காத்து உங்க முதுகுப் பக்கத்துலேர்ந்து வரணும். முழுக்கைச் சட்டை, மூக்குல வாயில துணி. டேங்க் ஒழுகுதான்னு மொதல்ல வெறும் தண்ணி ஊத்திப் பாருங்க. நனஞ்சா உடனே நிறுத்திட்டு வந்து சோப்புப் போட்டுக் குளிச்சிடுங்க. பாக்கி இருந்தா இருக்கட்டும்." "ம்" என்றாள் அஞ்சலை. "பேரு?" தையல்நாயகி மருந்தின் பேரைச் சொன்னாள். நீளமான பேர். அஞ்சலை சொல்லிப் பார்த்தாள், பாதியில் நாக்கு சுளுக்கியது. "இன்னொரு தடவ சொல்லு." அவள் துண்டு துண்டாகப் பிரித்துச் சொன்னாள், ஒவ்வொரு துண்டுக்கும் நிறுத்தி. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து அதைச் சேர்த்தாள். நடுவில் ஓர் எழுத்து தவறியது, தையல்நாயகி திருத்தினாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றுகொண்டே மறுபடி சொன்னாள், மெதுவாக, முழுசாக, ஒரு பிசகும் இல்லாமல்.

"சரியா?" என்றாள்.

"சரி அண்ணி" என்றாள் தையல்நாயகி.